கட்டைவிரல் உபயம்

'கொஞ்சம்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 'மூடி கொஞ்சம் திறந்துக்குதாம்ண்ணே.' வேண்டாம். திறந்துகொள்கிறது என்று சொன்னாலே அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'சில நேரம் மூடி சரியா உக்காரலையோன்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம்.' இது பரவாயில்லை. சந்தேகம் என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் அந்த அம்மா பேசியதில் சந்தேகம் எங்கே இருந்தது?

அட்டைக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்த கிடங்கின் மூலையில் நின்று, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவள் அந்தக் குரல் பதிவை மறுபடி கேட்டாள். மொத்த வியாபாரி அம்மாவுக்குத் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது. கடையில் நின்றபடியே, யாருக்கோ பேப்பர் கப் எடுத்துக் கொடுத்தபடியே, மூச்சு வாங்கப் பேசி அனுப்புவார்.

"உங்க கேக் டப்பா வாயை மூடவே மாட்டேங்குதும்மா. உங்க அண்ணனுக்குத்தான் அந்த வியாதின்னு நெனச்சேன், டப்பாவுக்கும் ஒட்டிக்கிச்சு போல. பேக்கரில கேக்கை வச்சு மூடிக் குடுக்குறாங்க, வாங்கினவங்க வாசப்படி தாண்டல, மூடி எழுந்து நிக்குது. மேல இருக்கற க்ரீம் பூரா அட்டையில. இது ஒரு கடைப் பஞ்சாயத்து இல்ல, எல்லாக் கடையிலயும் இதே கதை. அப்படியே போய்ச் சொல்லு. நீ சர்க்கரை போட்டுக் குடுக்காதே."

கடைசி வரி வந்தபோது, இரண்டாம் முறையும் அவளுக்குக் காது சுட்டது.

அந்த அம்மாவுக்கு அண்ணன் நடத்தும் இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நொட்டையம்மா என்று பெயர். எதை அனுப்பினாலும் நொட்டை சொல்வதால் வந்த பெயர். அண்ணன் வைத்தது, ஒட்டும் பகுதிப் பெண்கள்வரை பரவிவிட்டது. அவள் மட்டும் அக்கா என்பாள். ஊரில் உள்ள பேக்கரிகளில் பாதிக்கு மேல் அந்த அக்கா கடையிலிருந்துதான் பெட்டி போகிறது. ஒவ்வொரு கடைக்கும் அதனதன் பெயர் அச்சடித்து, அதனதன் கேக் அளவுக்கு வெட்டி, இவர்கள் செய்து தர வேண்டும். அக்கா வாங்கி, பிரித்து, கடைகளுக்கு அனுப்புவார். கடைக்காரர்கள் திட்டுவதெல்லாம் முதலில் அவர் காதில் விழும். அங்கிருந்து போன் வழியாக இவள் காதுக்கு வரும். இவளிடமிருந்து அண்ணனுக்கு. இந்தக் கடைசித் தூரம் ஒரு கூடமும் ஒரு கண்ணாடிக் கதவும்தான். அதைக் கடப்பதற்குள் அவள் அந்தப் பேச்சைத் துவைத்து, பிழிந்து, மடித்து வைத்திருப்பாள்.

நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பசை நாற்றம் கேக்கில் ஏறுகிறது என்று முதலில் சொன்னது நொட்டையம்மா. பசையை மாற்றினார்கள். அச்சு மை கையில் ஒட்டுகிறது என்றதும் அவர்தான். மை காயும்வரை அடுக்காமல் விரித்து வைக்கும் பழக்கம் அப்படி வந்தது. பெட்டிக் கட்டைச் சுற்றி இறுக்கும் பட்டை மேலும் கீழும் இருக்கும் பெட்டிகளை நசுக்குகிறது என்றார். இப்போது மேலே ஒரு கழிவு அட்டை, கீழே ஒரு கழிவு அட்டை வைத்துக் கட்டுகிறார்கள். இந்தத் தொழிற்சாலையில் நல்லதாக மாறிய ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அந்த அம்மாவின் வாய் இருந்தது. ஆனால் வருகிற போகிறவர்களிடம் அண்ணன் அந்தக் கழிவு அட்டையைத் தட்டிக் காட்டி, "இதெல்லாம் நம்ம ஐடியா" என்பான். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் மேசைமீது குனிந்திருந்தான். எதிரே மில்லிமீட்டர் நின்றுகொண்டிருந்தார். வெட்டும் இயந்திரத்துக்குப் பொறுப்பாளர். சட்டைப் பையில் எப்போதும் எஃகு ஸ்கேல் வைத்திருப்பவர். சம்பள உயர்வு கேட்கும்போதுகூட 'ஒரு அரை மில்லியாவது ஏத்துங்க சார்' என்று கேட்டவர் என்று பேச்சு.

"அண்ணே, அக்கா பேசினாங்க. புது கேக் பாக்ஸ்ல மூடி சில நேரம் சரியா உக்காரலையோன்னு..."

"ஆரம்பிச்சுட்டாளா நொட்டை?"

அண்ணன் நிமிரக்கூட இல்லை. மேசையோரம் தட்டையாகக் கிடந்த பெட்டி ஒன்றை மில்லிமீட்டரிடம் நகர்த்தினான். மில்லிமீட்டர் அதை எடுத்தார், பக்கங்களை நிமிர்த்தினார், மூடியைக் கவிழ்த்தார், மூடியின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த நாக்கை முன்சுவரில் இருந்த பிளவுக்குள் செருகினார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக் காட்டினார். மூடி அசையவில்லை.

"எங்க திறக்குது?" என்றான் அண்ணன். "சொல்லு, எங்க திறக்குது?"

பெட்டி நன்றாகத்தான் மூடியிருந்தது. கடைகளில் நனைந்த கையோடு மடிப்பார்கள், கிடங்கில் ஈரத்தில் போட்டிருப்பார்கள், பழியை இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள் என்று அண்ணன் அடுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். வெள்ளிக்கிழமை அந்த அம்மா, ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் பேக்கரி முதலாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவருக்குப் பெட்டி பிடித்துவிட்டால் எல்லாக் கிளைகளுக்கும் இவர்கள்தான். இந்த நேரத்தில் அந்த அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

"நீ ஒரு எட்டு போய் அவ முன்னாடியே மடிச்சுக் காட்டிட்டு வா. உன் பேச்சுன்னா கேப்பா. பக்குவமா சொல்லு."

பக்குவமாக. பிறந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. சிறு வயதில் அப்பாவும் அண்ணனும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அப்பா கூடத்திலிருந்து, "அந்த எருமை சாப்ட்டுச்சா?" என்பார். அவள் அண்ணன் அறைக்குப் போய், "அப்பா உன்னைச் சாப்பிடக் கூப்பிடுறார்" என்பாள். "அந்தாள் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு இறங்காது" என்பான் அவன். அவள் திரும்பி வந்து, "அண்ணனுக்கு இப்ப பசிக்கலயாம்" என்பாள். எல்லோரும் அவளை நல்ல பெண் என்றார்கள். அவர்கள் இருவரும் மட்டும் கடைசிவரை ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்கவே இல்லை.

* * *

அக்காவின் கடை நீளமாக, ரயில் பெட்டிபோல் இருக்கும். இரண்டு பக்கமும் பேப்பர் தட்டு, கப், கைப்பிடி வைத்த பைகள், நடுவில் ஒருவர் ஒருக்களித்துப் போகிற அளவு வழி. அந்த வழியின் முடிவில் மேசை போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் திரும்பி வந்த கேக் பெட்டிகள் கிடந்தன. மூடியின் உள்பக்கத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகக் க்ரீம் அப்பியிருந்தது. ஒன்றில் யாருடைய பெயரோ பாதி இருந்தது. மீதிப் பெயர் கேக்கிலேயே தங்கிவிட்டிருக்க வேண்டும்.

"பொறந்தநாள் அதுவுமா அந்தக் குழந்தை அழுதுச்சாம்" என்றார் அக்கா. "கடைக்காரன் என்னைக் கிழிச்சான். நான் உன்னைக் கிழிக்கப் போறேன். தண்ணி குடிக்கிறியா?"

அவள் தண்ணீர் குடித்தாள். நனைந்த கை, கிடங்கின் ஈரம் என்று அண்ணன் அடுக்கியதைப் பக்குவமாக எடுத்து வைத்தாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டது அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு பிரிக்காத கட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவி அவள்முன் போட்டார். மடி என்றார்.

மடித்தாள். நின்றது. உலுக்கினாள், திறக்கவில்லை. மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததுமே அக்காவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

"இன்னொண்ணு. மெதுவா."

இன்னொன்றை எடுத்தாள். பக்கங்களை நிமிர்த்தி, மூடியைக் கவிழ்த்து, நாக்கைப் பிடித்தபோது அக்கா தன் கையை அவள் கைமேல் வைத்து நிறுத்தினார்.

"இப்ப உன் கட்டைவிரல் என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலியே."

"பாரு."

அவள் பார்த்தாள். கட்டைவிரல் நாக்கின் அடியில் இருந்த மடிப்புக் கோட்டில் படுத்திருந்தது. செருகுவதற்கு முன்பு, அவள் அறியாமலே, அந்தக் கோட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகத்தால் அழுத்தி, நாக்கை உள்பக்கமாக ஒருமுறை ஒடித்து விட்டிருந்தாள். செருகியபோது, ஒடித்த நாக்கு சாதுவாக உள்ளே போய்த் தங்கியது. அக்கா வேறொரு பெட்டியை எடுத்து, அந்த ஒடிப்பு இல்லாமல், கடையில் அவசரத்தில் எல்லோரும் செய்வதுபோல நேராகச் செருகினார். நாக்கு உள்ளே போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூடி, தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பதுபோல, மெல்ல மேலே எழுந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

"உங்க ஆளுங்க எல்லார் கையிலயும் இது இருக்கு" என்றார் அக்கா. "போன தடவை டெலிவரிக்கு வந்த உங்க டிரைவர்கூட இப்படித்தான் மடிச்சுக் காட்டிட்டுப் போனான். அவனுக்கும் தெரியல. டப்பாவோட தப்பை உங்க விரல் சரி பண்ணிட்டே இருக்கு. அப்புறம் எப்படி உங்க கண்ணுக்குத் தப்பு தெரியும்?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன்பு, பெட்டியின் பக்கச்சுவர் கேக்கின் எடையில் பிதுங்குகிறது என்று அக்கா சொல்லி, மெல்லிய அட்டையை விட்டுத் தடித்த அட்டைக்கு மாறினார்கள். அன்றைக்கே அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அட்டை தடித்தால் அதை வெட்டும் டை என்கிற அச்சும் மாற வேண்டும், மடிப்புக் கோடு இன்னும் ஆழமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் அட்டை பழைய நிலைக்கே திமிறிக்கொண்டு வரும் என்று.

"அன்னிக்கு நான் டை மாத்தணும்னு சொன்னேன். நீ அங்க போய் என்னன்னு சொன்னே?"

'டையை ஒரு தடவை பாத்துக்கலாமான்னு கேட்டாங்க.' அப்படித்தான் சொன்னாள். அண்ணன் தடித்த அட்டைக்கு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று 'மாத்தணும்' அவள் வாயில் 'பாத்துக்கலாமா' ஆகிவிட்டது. மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அளவு மயிரிழை பிசகவில்லை. பார்த்தாயிற்று என்றான் அண்ணன். அவ்வளவுதான்.

இதை அக்கா அவள் முகத்திலேயே படித்துக்கொண்டார்.

அக்கா கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் க்ரீம் ஒட்டிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பெட்டி பிடிக்காத வியாபாரிகள் எத்தனையோ பேர் இவர்களை விட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களில் யாராவது இவளுக்குப் போன் பண்ணி நொட்டை சொன்னதுண்டா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தாள். ஒருவர்கூட இல்லை. அடுத்த முறை ஆர்டர் வராது. அவ்வளவுதான்.

"நான் கத்துறேன்னா இன்னும் உங்ககிட்டதான் இருக்கேன்னு அர்த்தம்" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமை அந்த மனுஷனைக் கூட்டிட்டு வர்றேன். என் வார்த்தையை நம்பி வர்றார். அவர் முன்னாடி இந்தத் தப்பை ஒளிச்சீங்கன்னா, அதுக்கப்புறம் நான் உனக்கு எதுவும் சொல்ல மாட்டேன். திட்டவும் மாட்டேன். பேசாம வேற எடம் பாத்துப்பேன்."

* * *

வீட்டில், சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்தபின், தட்டையான பெட்டி ஒன்றைக் கணவனின் முன்னால் வைத்து மடிக்கச் சொன்னாள். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் கல்யாணத்தன்று அண்ணனைக் கூப்பிடப் போனதோடு சரி. அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைகீழாக மடித்தான். பின்பக்கத்தை மூடி என்று நினைத்து மூக்கைச் சொறிந்தான்.

"இதுக்கு லைசென்ஸ் எடுக்கணுமா?"

"பேசாம மடிங்க."

கடைசியில் மடித்தான். நாக்கை எந்த ஒடிப்பும் இல்லாமல் செருகினான். கையைத் தட்டிக்கொண்டான். மேசைமேல் பெட்டி இருந்தது, இரண்டு பேரும் அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மூடி எழுந்தது.

"நான் உடைச்சிட்டேனா?" என்றான் அவன், உண்மையிலேயே வருத்தத்தோடு.

அவளால் அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. பேக்கரியில் நின்று மடித்துக் கொடுக்கும் பெண்களும் இப்படித்தானே நினைத்திருப்பார்கள், நம் கைதான் சரியில்லை என்று. முதலாளி அவர்களைத் திட்டியிருப்பார். ஊர் முழுக்க எத்தனையோ பேர், அவள் அண்ணனின் கோபத்துக்குப் பயந்து விழுங்கிய ஒரு சொல்லுக்காக, தங்கள் கையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க உடைக்கல. ஏற்கெனவே அப்படித்தான்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்."

"நீ சொன்னியா, இல்ல உன் ஸ்டைல்ல சொன்னியா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவள் அந்தப் பெட்டியை மறுபடி மடிக்க முயன்றாள், கட்டைவிரலைப் பயன்படுத்தாமல். முடியவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் நாக்கைத் தொட்டதும் விரல் தானாக அந்தக் கோட்டுக்குப் போய்விட்டது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு செருகியபோதுதான் பெட்டி, பெட்டியாக நடந்துகொண்டது. திறந்தது.

* * *

மறுநாள் அவள் எதையும் துவைக்காமல், பிழியாமல் சொன்னாள். அண்ணனையும் மில்லிமீட்டரையும் மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க வைத்து, கட்டைவிரலைக் காட்டினாள். ஒடித்தால் நிற்கிறது, ஒடிக்காவிட்டால் எழுகிறது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்தார். நாக்கை அளந்தார், பிளவை அளந்தார். வரைபடத்தில் இருக்கும் அளவுதான் என்றார். வரைபடம் மெல்லிய அட்டைக்குப் போட்டதாயிற்றே என்றாள். அவர் ஸ்கேலைப் பையில் வைத்துக்கொண்டு, தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் அட்டையின் வெண்தூள் படிந்திருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை நாள் அளந்த மனிதர், இதை ஏன் அளக்கவில்லை?

"டையில மடிப்புக் கோடு போடற பட்டியை மாத்தணும் சார்" என்றார் கடைசியில், மெதுவாக. "புது டைதான்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். புது டை வர அடுத்த வாரம் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு வராது. அடித்து வைத்த பெட்டிகளெல்லாம் கிடங்கில் நிற்கின்றன. முதலில் அந்த ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் டையைப் பற்றிப் பேசலாம் என்றான். அப்புறம் என்றால் எப்போது என்று அவள் கேட்டாள். அப்புறம் என்றால் அப்புறம்தான் என்றான். வெள்ளிக்கிழமை வரும் பேக்கரி முதலாளியை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லலாமே என்றாள். கிளை கிளையாகக் கடை வைத்திருப்பவரிடம், எங்கள் பெட்டி மூடவில்லை, மூடியதும் சொல்லி அனுப்புகிறோம் என்றா சொல்வது என்றான் அண்ணன்.

பிறகு அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை அவள் சிறு வயதிலிருந்தே அறிவாள். ஒரு வேலையைத் தன்னிடமிருந்து எடுத்து அவள் தலையில் வைக்க வழி கிடைத்துவிட்டால் வருகிற தெளிவு.

"இதுல பயப்பட என்ன இருக்கு? அன்னிக்கு நீயே மடிச்சுக் காட்டிடு. உன் கைக்குத்தான் அடங்குதே."

"அவங்க கடையில நான் போய் நிக்க மாட்டேனே அண்ணே."

"அதை அப்ப பாத்துக்கலாம். ஒரு படம் போட்டு ஒட்டிடுவோம், இப்படி ஒடிச்சு மடிக்கவும்னு. பெரிய ராக்கெட்டா இது?"

அவன் சிரித்தான். மில்லிமீட்டர் சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. அக்கா சொன்னதை அவள் சொன்னாள். ஒளித்தால் இனிமேல் எதுவும் சொல்ல மாட்டார் என்று சொன்னதை, அதே வார்த்தைகளில். அண்ணன் கையை உயர்த்திக் கும்பிட்டான். அவ வாயை மூடினா நமக்கு நிம்மதிதானே என்றான்.

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபமும் முழுதாக இல்லை. சுவரோடு பேசிக் களைத்த மாதிரி ஒரு அலுப்பு. பக்குவமாகச் சொன்னாலும் கேட்கவில்லை. பக்குவத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாலும் கேட்கவில்லை. அப்படியென்றால் இத்தனை காலம் யாருக்காகச் சர்க்கரை போட்டாள்? பதில் சொல்லாமல் வெளியே வந்தாள். அவள் பதில் சொல்லாமல் போனால் சரி என்றுதான் அந்த வீட்டில் எப்போதும் அர்த்தம். அண்ணன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஒட்டும் பகுதியைக் கடந்து போகும்போது, அவன் போனில் யாரிடமோ வெள்ளிக்கிழமை எல்லாம் தயார் என்று சொல்வது கேட்டது.

* * *

வெள்ளிக்கிழமை அலுவலக அறையைத் துடைத்து, மேசைமேல் இருந்த குப்பையை அலமாரிக்குள் திணித்து வைத்திருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். பேக்கரி முதலாளி எதிர்பார்த்ததைவிடச் சிறிய மனிதர். முன்னங்கையில் பழைய அடுப்புச் சூடு பட்ட தழும்புகள் இருந்தன. கல்லாவில் உட்கார்வதற்கு முன் மாவு பிசைந்த கைகள் என்று தெரிந்தது. அக்கா அவருக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததிலிருந்து எதற்கும் நொட்டை சொல்லவில்லை. தேநீர் ஆறியிருந்தது, அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் தடித்த அட்டையைப் பற்றிப் பேசினான். பசையைப் பற்றி, மையைப் பற்றி, கட்டுக்கு மேலும் கீழும் வைக்கும் கழிவு அட்டையைப் பற்றி. எல்லாம் நம்ம ஐடியா. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் கதவோரம் நின்று, சட்டைப் பையில் இருந்த ஸ்கேலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேக்கரி முதலாளி பெட்டிமேல் இருந்த அச்செழுத்தைத் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் கடைப் பெண்கள் ஒரு கையில் கேக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடுவார்கள், அதற்குச் சரியாக வருமா என்று கேட்டார்.

"அருமையா வரும்" என்றான் அண்ணன். தட்டையாக இருந்த புதுப் பெட்டி ஒன்றை மேசையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளினான். "தங்கச்சிதான் எல்லா மடிப்பையும் செக் பண்றது. மடிச்சுக் காட்டும்மா."

பெட்டி அவள் முன்னால் வந்து நின்றது. வெள்ளை அட்டை, மேலே அந்தப் பேக்கரியின் பெயர், முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. ஒரு நொடி வேலை. விரல் அந்தக் கோட்டைத் தேடி ஏற்கெனவே அசைந்துவிட்டிருந்தது. அவள் அதை உணர்ந்தாள். மடித்தால் இந்த அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனின் தோள் இறங்கும். அக்கா எழுந்து, சரிம்மா வர்றேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனில் அந்த மூச்சு வாங்கும் குரல் வராது. போன் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை அண்ணன் நிம்மதி என்பான், ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்று போகும்வரை.

அக்கா ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தார்.

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். மறு கையின் விரல் நுனியால் பெட்டியைத் திருப்பி, பேக்கரி முதலாளி பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க மடிச்சுப் பாருங்க சார்."

அண்ணன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கெதற்கு அந்தச் சிரமம் என்றான். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, வீட்டில் மட்டும் கேட்கிற குரலில், அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவே அவள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் கேட்ட அதே குரலில் சொன்னான்.

"என்னம்மா இது. ஒரே ஒரு தடவை. அண்ணனுக்காக."

"இல்லண்ணே" என்றாள் அவள். "நான் மடிக்கல."